சமவுயரக் கோடுகள்

நில அளவைக் கந்தோரில் பதினொரு வருஷம்.
குடாநாட்டை எத்தனை தரம் கீறியிருப்பேன்!
தாளில் ஒரு சமவுயரக் கோடு விழுந்தால்
பேனை முனையில் மயிர் ஒட்டியிருக்கோ என்று
துடைத்துப் பார்க்கிற பூமி இது.
எங்களுக்கென்று இருக்கிற கீரிமலையும்
பெயரில் மட்டும்தான் மலை.
போய்ப் பார்த்தால் கேணி.

பதுளைத் தாள் அப்படியில்லை.
பெருவிரல் ரேகைபோல நெருக்கி நெருக்கி
நமுனுகுலை.
அதைச் சுருட்டிக்கொண்டுதான் வந்தேன்
மருதனார்மடத்துச் சர்பத் கடைக்கு.

யூட் முழங்காலில் பட்டியோடு வந்தான்.
கௌரிபாலன் வான்காரனின் நம்பரோடு.
துவாரகா ஒரு கொப்பியோடு:
இடப்பக்கம் ஏறவேண்டிய மலைகள்,
வலப்பக்கம் வழியில் குடிக்கவேண்டியவை.
வலப்பக்கம் இரண்டு நாளில் நிரம்பிவிட்டது.

பளையில் இளநீர்.
முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய்,
எங்களுக்குக் கச்சானும் பிளேன்ரீயும்.
மாத்தளைக்குக் கிட்ட ஒரு வீட்டில்
கொக்கோ காய்ச்சித் தருவினமாம்.
பண்டாரவளைக்கு மேலே கித்துள் கள்ளு,
யூட் அதன்கீழ் இரண்டு கோடு போட்டான்.
"நாக்கு ஏறிடும். கால் ஏறுமோ?"
துவாரகா நிமிராமலே கேட்டாள்.

நன்னாரி சர்பத் கிளாசுகள்
தாள்மேல் வட்டம் வட்டமாய் ஈரம் விட்டன.
ஆற்றின் நடுவில் ஒரு குன்று,
புகையிரதப் பாதையில் இன்னொன்று.
நான் துடைக்கவில்லை.

பயிற்சிக்கு மணற்காடு என்று முடிவாயிற்று,
உயரமாய் வேறெதுவும் இல்லாதபடியால்.
போகிற வழியில் செல்வநேசன் நின்றார்,
இடுப்பில் பாளைக்கத்தி, கையில் முட்டி.
கருப்பணி கேட்டோம்.
ஒரு சோடாப் போத்தலில் வார்த்துக்கொண்டே
எங்கே பயணம் என்றார்.
மலையேற என்றோம்.

"மேல என்ன இருக்கு?"
ஒன்றுமில்லை. காற்று, பனிப்புகார்.
"அப்ப என்னத்தை இறக்கிக்கொண்டு வரப்போறியள்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை.
யூட் பட்டியை இறுக்கினான்.
எனக்குத் தொழிற்புத்தி:
முப்பது மரம், மரத்துக்கு நாற்பது அடி,
காலையும் பின்னேரமும்.
இரண்டாயிரத்து நானூறு.
கயிறு கட்டிய கால்களால்
மூன்று நாளில் இந்த மனிசன்
நமுனுகுலையைத் தாண்டிவிடுகிறார்
கடல்மட்டத்தில் இருந்தபடி.
எந்தத் தாளிலும் நான் அதைக் கீறவில்லை.

மணலில் இரண்டடி வைத்தால்
ஒன்றரை அடி சறுக்கியது.
சப்பாத்து நிறைய மண்.
உச்சியில் நின்றால் சவுக்குக்காடு,
மணல் மூடிய பழைய கோயில் சுவர், கடல்.
அரை மணிக்கூடு ஏறினோம் என்றான் யூட்.
பன்னிரண்டு நிமிஷம்.
துவாரகா நேரம் பார்த்திருந்தாள்.

முட்டிக்குச் சுண்ணாம்பு குறைவோ,
வெயில் கூடவோ தெரியாது,
போத்தல் வயிறு ஊதிக் கிடந்தது.
கௌரிபாலன் மூடியைத் திருக
வெடித்து நுரை முகமெல்லாம்.
கருப்பணி எங்களோடு ஏறும்போதே
கள்ளாகத் தொடங்கிவிட்டது.
மிச்சத்தை மாறி மாறிக் குடித்தோம்.
முதலில் இனிப்பு, பிறகு ஒரு குத்தல்.
இது இடப்பக்கமா வலப்பக்கமா என்று
துவாரகா கொப்பியை விரித்து
நெடுநேரம் பேனையைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய நாலுமணிக்கு வெளிக்கிடுகிறோம்.
அட்டைக்குச் சவுக்காரம், யூட்டுக்கு எண்ணெய்,
எல்லாம் வாங்கியாயிற்று.
கௌரிபாலன் இன்னும் வான்காரனோடு கதைக்கிறார்.
ஏசிக்கு வேற காசாம்.