பின்கதவு திறந்த வண்டி

ஞாயிறு காலை ஆறரை.
மாஸ்கோ என்றால் ரஷ்யா இல்லை, ஐடஹோ.
ஊரில் பாதிப்பேர் மாணவர்கள்,
அவர்களில் பாதிப்பேர் இன்னும் நேற்றிரவிலேயே இருக்கிறார்கள்.
தெரு முழுக்க எங்களுக்கு.

தானியக் குதிர்களின் நிழலில்
முதலில் வந்து நிற்பது ரெனாட்டாவின் மியாட்டா.
ஒரு முகப்பு விளக்கு எழும்பும், மற்றது எழும்பாது.
எட்டு மாதமாய்க் கண்ணடித்துக்கொண்டே ஊர் சுற்றுகிறது.
சரிசெய்துவிடாதே என்று சொன்னவள் நான்தான்.

அடுத்து ஹெக்.
பயறு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை.
அவனுடைய டாட்சனின் நிறம்
எந்தத் திரையிலும் அதுவாக வந்ததில்லை.
உரித்த செம்பருப்பின் நிறம் என்பான்.
வேகும் முன்னா, வெந்த பிறகா என்று கேட்டால்
அன்று முழுக்கப் பேச மாட்டான்.

நிற்கும் காரை யாரும் எடுக்கலாம்.
ஓடும் காரை எடுக்க
இன்னொரு காரில் ஓட வேண்டும்,
அதே வேகத்தில், அதன் மூக்குக்கு முன்னால்.
அப்போதுதான் கார் அப்படியே நிற்கும்,
சாலை கரையும்,
கோதுமை மேடுகள் மஞ்சள் கோடுகளாய் இழுபடும்.

அந்த இன்னொரு கார் ஆர்டனுடையது.
பச்சை சுபாரு, வெள்ளையில் ஒரு கதவு,
மூன்று லட்சம் மைல்,
உள்ளே நனைந்த நாயின் வாடை (நாய் செத்து இரண்டு வருடம்).
பின்கதவைக் கயிற்றால் கட்டித் தூக்கிவிட்டு
நான் குப்புறப் படுப்பேன்.
என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வது பிரியெல்,
இயற்பியல் இரண்டாம் ஆண்டு.
விழுந்தால் எந்தக் கோணத்தில் விழுவேன் என்று
வழியெல்லாம் கணக்குச் சொல்லுவாள்.
முன்னிருக்கையில் ஆர்டன்
கண்ணாடியில் பின்வண்டியைப் பார்த்தபடி முணுமுணுப்பான்:
பன்னிரண்டு அடி. பதினொன்று. பன்னிரண்டு.

ஆகஸ்டில் ஒருநாள்
சாலையை அடைத்துக்கொண்டு ஓர் அறுவடை இயந்திரம் வந்தது.
ஒதுங்கி நின்றோம்.
மேலேயிருந்து மெர்ல் டிரூ எட்டிப் பார்த்தார்.
"என்னுடையதையும் எடேன்,
இது உங்கள் எல்லாவற்றையும்விட விலை அதிகம்."
எடுத்தேன்.
அந்த வருடம் எல்லோரும் கேட்டு வாங்கியது
அந்தப் படத்தைத்தான்.
ஹெக்குக்கு இன்னும் ஆறவில்லை.

நான்கு வருடத்தில் இருநூற்றுப் பதினோரு படம்.
அடுக்கிப் பார்த்த இரவில்தான் உறைத்தது,
ஒன்றில்கூட சுபாரு இல்லை.

கேட்டதற்கு ஆர்டன் சிரித்தான்.
"அதற்கு முன்னால் யார் ஓட்டுவது?"

நியாயமான கேள்வி.
மியாட்டாவின் டிக்கியில் ஒரு தர்ப்பூசணிகூட நிற்காது.
டாட்சனின் பின்னால் படுத்தால்
புகையில் மயங்கி, பிரியெலின் கணக்கு பலித்துவிடும்.
கடைசியில் மெர்லைக் கூப்பிட்டோம்.
பிக்கப்போடு வந்தார், வைக்கோலோடு,
சுத்தமான சட்டையோடு.

மண்பாதை. மெர்லுக்கு நேராக ஓட்ட வராது.
அடுத்தவன் கோதுமை எப்படி என்று பார்க்க
வேலிக்கு வேலி வேகம் குறைப்பார்.
பின்னால் ஆர்டன் பிரேக்கை மிதிப்பான்.
எங்கள் டயர்கள் எழுப்பிய புழுதியில்
சுபாருவும் மறைந்தது, மலையும் மறைந்தது,
என் கைகளே எனக்குத் தெரியவில்லை.
அறுபத்து நான்கு முறை அழுத்தினேன்.
அறுபத்து மூன்றில் பழுப்பு.

ஒன்றில் மட்டும்
புழுதியைக் கிழித்துக்கொண்டு அந்தப் பச்சை மூக்கு.
ஆர்டன் கேமராவைப் பார்க்கவில்லை.
உதடு பாதி திறந்திருக்கிறது,
எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அச்சிட்டுக் கொடுத்தேன்.
வெகுநேரம் பார்த்தான்.
"பத்தடிதான் இருக்கும்," என்றான், "ரொம்ப நெருக்கம்."
அவ்வளவுதான் விமர்சனம்.

அவன் கவனிக்காத ஒன்று,
நானும் சொல்லவில்லை:
கூரைக்கு மேலே, கயிற்றில் கட்டியபடி,
யாருக்காகவோ
பின்கதவு திறந்தே இருக்கிறது.