அரைப்பேர்

பெரட்டுக் களத்தில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள்.
கம்பத்தில் பெட்டி. பெட்டியில் ஒரு கண்.
போன மாதம் வரை கணக்கப்பிள்ளை
எங்களைப் பார்க்காமலேதான் பேர் போட்டார்,
செக்ரோலில் இருந்து தலை நிமிராமல்.
இப்போது பெட்டிக்காகப் பேசுகிறார்:
"கொங்காணியை எடு.
மூக்குத்தி மின்னுது, கொஞ்சம் திரும்பு.
பின்னுக்குப் போ. இன்னும் பின்னுக்கு."

பனிக்காலையில் அதன் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.
புஷ்பகாந்தி படங்கின் நுனியால் துடைத்துவிடுவாள்,
சளிபிடித்த பிள்ளைக்குத் துடைப்பதைப் போல.
துடைத்தவளைப் பார்த்து அது சொல்லும்:
அறியப்படாத நபர்.
வரிசையே சிரித்தது.
"இதென்ன புதுசா?
கச்சேரியில எங்கப்பாவுக்கும்
இதையேதான் எழுதிக் குடுத்தாங்க" என்றாள் அவள்.

என்னை மட்டும் அது தவறவிடுவதில்லை.
அரை நொடி.
பச்சை வெளிச்சம்.
யோகவள்ளி, மேல் டிவிஷன்.

வேறொரு கண் என்னை முன்பே பிடித்துவிட்டது.

மாசி மாதம் மேல்ரோட்டில் ஒரு வேன் நின்றது.
தொப்பி போட்ட ஒருத்தி இறங்கி
தன் பல்லைக் காட்டி, என்னையும் காட்டச் சொன்னாள்.
காட்டினேன். இருநூறு ரூபாய் தந்தாள்.
அந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று கேட்கவில்லை.
கொழுந்து எங்கே போகிறது என்று
என்றைக்காவது கேட்டிருக்கிறேனா?

கொட்டாஞ்சேனையில் நகைக்கடையில் நிற்கும்
தங்கச்சி மகன் திவாகரின் போனுக்கு அது போயிருக்கிறது.
என் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம்.
கீழே ஒரு கேள்வி: இவர் யோகவள்ளியா?
ஆமாம் என்று அமுக்கினான்.
பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் போட்டான்.
பாசத்தில்தான்.
பெரியம்மாவை உலகம் பார்க்கட்டுமே என்று.

உலகம் பார்த்ததோ என்னவோ,
குழுக்கடன் கம்பனி பார்த்தது.

மஸ்கெலியாவில் ஆறு பேராய் எடுத்த கடன்.
வட்டி எங்களைவிட வேகமாக மலையேறியது.
ஆளுக்கொரு தோட்டமாய்ச் சிதறினோம்.
நான் அக்கரப்பத்தனைப் பக்கம்.
சிம்மை மாற்றினேன், லயத்தை மாற்றினேன்,
கும்பிடுகிற கோயிலைக்கூட மாற்றினேன்.
சிரிப்பையும் மாற்ற வேண்டும் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.

வியாழன் பின்நேரம்
மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் வந்து நின்றது.
வந்தவன் போனைத் தூக்கி
என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான்.
அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
வாசலில் நான் ரொட்டிமாவு ஒட்டிய கையோடு.
"அது வேற ஆளு" என்றேன்.
"தொண்ணூற்று நாலு வீதம் நீங்கதான்" என்றான்.

மிச்ச ஆறு வீதம் யார், தம்பி?
கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஹெல்மெட்டை அவன் கடைசிவரை கழற்றவில்லை.
அதன் கறுப்புக் கண்ணாடியில் என் கதவு, என் அடுப்புப் புகை,
நான்,
சின்னதாய், வளைந்து.
நாளைக்கு டவுனில் எதிரே வந்தாலும்
அவனை எனக்குத் தெரியாது.

அந்த ஆறு வீதத்தோடுதான் இப்போது மலைக்குப் போகிறேன்.
நிரையில் அவள் எனக்குப் பக்கத்தில் நிற்பாள்.
ஒருவருக்கும் ஒரு சதம் தரவேண்டியதில்லை அவளுக்கு.
அட்டை கடித்தால் அவள்தான் கெட்ட வார்த்தை சொல்வாள்.

சாயங்காலம் தராசில் பதினாலு கிலோ.
கேட்டது பதினெட்டு.
பெட்டி என்னை முழுசாகத் தெரிந்துகொண்டது:
நெற்றி, தாடை, கண்ணுக்குக் கண் உள்ள தூரம்.
பேர் மட்டும் அரைதான் விழுந்தது.

நேற்று மறுபடி ஒரு வேன்.
புஷ்பகாந்தி கொங்காணியை மூக்குவரை இழுத்துவிட்டாள்.
நான் குனிந்து அடிவாதுவில் கொழுந்து தேடினேன்.
அங்கே கொழுந்தே இல்லை.
கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள்.
பிறகு என் முதுகையும் கூடையையும் எடுத்துக்கொண்டு
போய்விட்டார்கள்.

கூடையை வைத்துக் கண்டுபிடிக்குமா என்று
திவாகரிடம் கேட்க வேண்டும்.