இதயத்தின் மட்டம்

புந்தா அரேனாஸ். ஜூலை. அதிகாலை மூன்றரை.
ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போய்விடும் போலக் காற்று.
ஆறாம் கட்டிலில் நண்டுப்படகு ஒயார்சோ,
குடல் கிழிந்து, தைத்து, இரண்டாம் இரவு.

எண்பத்தெட்டு என்றது திரை.
சிவப்புக் கோடு அழகாக ஏறி இறங்கியது.
மருந்தைப் பாதியாக்கச் சொல்லிவிட்டு
டாக்டர் வெரா காபிக்குப் போனார்.

நான் குறைக்கவில்லை.
ஏன் என்று அப்போது கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திருக்காது.
போர்வையை விலக்கி முழங்காலைத் தொட்டேன்:
ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போல.
தோலில் ஊதா வலை.
விரல் நகத்தை அழுத்தி விட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்து,
ஆறில்தான் மனமில்லாமல் திரும்பியது சிவப்பு.

பிறகுதான் குனிந்தேன்.
பிடியிலிருந்து நழுவி
கட்டில் சக்கரத்தருகே கிடந்தது அழுத்தமானி,
பெருவிரல் அளவு பிளாஸ்டிக்.
கிடந்த கிடையில்
தன் தலைமேல் நின்ற குழாய்நீரின் கனத்தையும்
அவர் கணக்கில் வரவு வைத்திருக்கிறது.

எடுத்து, அக்குளுக்கு நேராகக் கட்டினேன்.
மூடியைக் காற்றுக்குத் திறந்து
பூஜ்யம் எது என்று
மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.

ஐம்பத்தொன்று.

இவ்வளவு மோசமான எண்ணைப் பார்த்து
நான் பெருமூச்சு விட்டதில்லை.
வெரா ஓடி வந்தார். மருந்தைக் கூட்டினோம்.
ஆறு மணிக்கு அறுபத்தேழு.

ஒன்பதாகியும் விடியவில்லை.
அவர் மனைவி நெல்டா வந்தாள்,
கையுறையில்லாமல், அந்தக் காற்றிலிருந்து நேராக.
முழங்காலைத் தொட்டுப் பார்த்து,
"நல்ல சூடாக இருக்கிறாரே," என்றாள்.

நான் அவள் கையைப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.