நாற்பத்தெட்டு கிலோ

அடையாள அட்டையில் நான் எண்பது சதவீதம்.
பச்சை மையில் ஒரு டாக்டர்
தலை நிமிராமல் எழுதியது.

கொருக்குப்பேட்டை குடோனில்
குமுதாவுக்கு வேறு எண் வேண்டியிருந்தது.
காது கேட்காதவள்; பேச்செல்லாம் விரல்.
பழைய மூட்டைத் தராசில்
நாற்காலியோடு என்னை ஏற்றினாள்.
பிறகு நாற்காலியை மட்டும்.
கழித்துச் சுவரில் கரியால் எழுதினாள்:
48.
கயிறு அறுநூறு தாங்கும், என்றன விரல்கள்,
மிச்சம் ஐநூற்று ஐம்பத்திரண்டும்
உன் பயத்துக்கு.

முதல் மாதம் விழுந்தோம்.
வேறொன்றும் செய்யவில்லை.
கல்யாண மண்டபம் கழித்துப்போட்ட மெத்தைகள்,
மேலே தார்ப்பாய்,
அதில் தொப்பென்று, பக்கவாட்டில், குப்புற.
வீட்டில் என்னை விழ விட்டதே இல்லை.
தூக்கி வைத்தார்கள்,
நகர்த்தி வைத்தார்கள்,
பெண் பார்க்க வந்த நாளில்
தங்கைக்காக
உள்ளறையில் வைத்தார்கள்.

ஹாரூன் பந்துகளைக் காதால் பிடிப்பான்.
ஒன்றில் கொலுசு மணி, ஒன்றில் உளுந்து,
ஒன்றில் சட்டைப் பொத்தான்கள்.
அதனால் ஃபேன் போடக்கூடாது.
மே மாதம்.
தகரக் கூரை.
அவன் காதுக்காக நாங்கள் வியர்த்தோம்,
வியர்வையில் என் பிடி வழுக்கியது,
வழுக்கும் கயிற்றைத் துடைத்துத் துடைத்துக்
குமுதாவுக்குக் கோபம் வந்தது.
ஒருவருக்கு வாசலை அகலமாக்கினால்
இன்னொருவருக்குச் சுவர் இடித்தது.
சண்டை போட்டோம்.
வாயால் கொஞ்சம், கையால் நிறைய.
கடைசியில், அரை மணி ஃபேன், அரை மணி பந்து.
கடிகாரத்தை யார் பார்ப்பது என்பதில்
இன்னும் சண்டை.

இன்னாசி பத்தொன்பது வருஷம்
கூடாரத்தில் கோமாளி.
மூன்றடி எட்டங்குலம்.
மேலே பார்காரர்கள் பறக்கும்போது
இவன் கீழே நூலேணியில் கால் வைத்துச்
சறுக்க வேண்டும். அதுதான் காட்சி.
படிகள் இடுப்பு உயரம்.
நடிக்கவே தேவையிருக்கவில்லை என்பான்,
நிஜமாவே எட்டாது.

குமுதா படிக்கும் படிக்கும் நடுவே
ஒரு படி கட்டினாள்.
மூங்கில் துண்டு, நைலான் கயிறு,
மொத்தம் நூற்றைம்பது ரூபாய்.

ஏறினவன் இறங்கவில்லை.
சாப்பாடு ஆறியது.
கூப்பிட்டோம்.
"இருங்கடா.
எல்லாரும் உச்சந்தலையாத் தெரியிறீங்க.
ஹாரூனு, நடுவுல உனக்கு
முடி கொட்டுதுப்பா."

நிலக்கரி ரயில் வந்தால்
எல்லாம் நிற்கும்.
ஹாரூன் மூன்று பந்தையும்
மார்போடு அணைத்துக்கொள்வான்.
தகரம் அதிரும்.
குமுதா தூணில் உள்ளங்கை வைத்துப்
பெட்டிகளை எண்ணுவாள்.

அன்றைக்கு ரயில் வந்தபோது
நான் மேலே இருந்தேன்.
துணியை இடுப்பில் மூன்று சுற்று,
தோளில் ஒன்று,
என் சொல் கேட்காத இரண்டு கால்களும்
தம் பாட்டுக்குத் தொங்க
தலைகீழாக.
இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது.
நாற்பது பெட்டியாவது இருக்கும்.

அப்போது பார்த்தேன் என் நாற்காலியை.
பன்னிரண்டு அடி கீழே,
கொஞ்சம் கோணலாக,
கைப்பிடியில் என் துப்பட்டா.
பார்த்தால்
யாரோ இப்போதுதான்
ஒரு வேலையாக
எழுந்து போனது போலிருந்தது.

இறங்கியதும் தோள் இரண்டு நாள் வலித்தது.
தழும்பு இருக்கிறது, கயிறு போட்டது.

ஆட்டோக்காரர் நாற்காலியை
எப்போதும் போலத் தப்பாக மடக்கினார்.
என் கையில் சாக்பொடி பார்த்து,
"டீச்சராம்மா?"
"இல்லண்ணே."
"பின்ன இன்னா வேலை?"
"தொங்குறேன்."

எண்ணூர் நெடுஞ்சாலை வரும்வரை
கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.
பிறகு மெதுவாக,
"எவ்ளோ நேரம்?" என்றார்.