பதினொரு துண்டு

போன வருடம் இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு
மூச்சிரைக்க வந்தாள் வெர்னெல் டப்ஸ்.
உறையைப் பிரிக்காமலே 'தாமதம்' என்று
முத்திரை குத்தியது என் கைதான்.

பிரித்திருந்தாலும் தோற்றிருப்பாள்.
மில்வாக்கியின் பனி முழுவதையும்
ஒரே ஒப்பந்தமாகக் கட்டியிருந்தோம்;
பிணைத்தொகை மட்டும்
அவள் வீட்டைவிடப் பெரியது.

இந்தக் கோடையில் அதைப்
பதினொன்றாக வெட்டினேன்.
"எதற்கு இத்தனை தாள்?" என்றார் மேலதிகாரி.
பதில் சொல்லவில்லை,
எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காவது துண்டு, மூன்று நூலகங்களின் படிகள்:
நாற்பது டாலர் வித்தியாசத்தில் அவளுக்கு.

டிசம்பர். விடியவில்லை.
இரண்டு பழைய வண்டி, ஒரு தம்பி,
முழங்கால்வரை பனி.
உப்பைத் தூவியபடி
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"மணி என்ன?"

சொன்னேன்.
"இன்னும் நேரம் இருக்கு" என்றாள்,
அடுத்த படிக்கு இறங்கி.