ரொட்டி இறகு

தோ பாயோவில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம்
நாற்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கி வந்தேன்.
ஜப்பானிய இயந்திரம். நூறு வோல்ட்டுக்குப் பிறந்தது.
நம் சுவரில் ஓடுவது இருநூற்று முப்பது.
நேராகச் செருகினால் ஒரே மூச்சில் கருகிவிடும்.
சிம் லிம் டவரில் மாடி மாடியாக ஏறி
செங்கல் கனத்தில் ஒரு மின்மாற்றி பிடித்தேன்.
அது முப்பத்தெட்டு வெள்ளி.
"கீழே கடையில் ரொட்டி இரண்டு எண்பது"
என்றார் தணிகைவேல்.
அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

கையேடு முழுக்க ஜப்பானிய எழுத்து.
கைபேசியை மேலே பிடித்தேன்.
தனக்குத் தெரிந்த தமிழில் அது சொன்னது:
*முதலில் ரொட்டி இறகைப் பொருத்துக.
ஈஸ்ட் உப்பைத் தொடாதிருக்கட்டும்.
மாவு உறங்குகையில் மூடியைத் திறவாதீர்.*

இறகு என்பது பிசைகிற அலகு.
கட்டைவிரல் நீளம், அடியில் ஒரு துளை.
என் வேலைப்பையில் இதைவிடப் பெரிய திருகாணிகள் உண்டு.

கடைசி ரயில் போனபின்
தண்டவாளத்தில் இறங்குகிறவள் நான்.
தலைவிளக்கு விழும் தூரம்தான் உலகம்.
போல்ட்டுகளைத் தட்டித் தட்டிக் கேட்பேன்,
இறுகியதற்கு ஒரு குரல், தளர்ந்ததற்கு ஒரு குரல்.
ஐந்தே முக்காலுக்கு நான் கதவைத் திறக்கையில்
அவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார்.
ஒரே மெத்தையை
முறைவைத்துச் சூடாக்குகிறோம்.

முதல் ரொட்டி நடுவில் குழிந்து கிடந்தது,
யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல.
இரண்டாவது பொங்கி மூடியில் ஒட்டிக்கொண்டது.
கையேடு எழுதியவர் ஊரில் குளிர்காலம் இருக்கும்.
இங்கே உட்லண்ட்ஸில், பன்னிரண்டாம் மாடியில்,
ஜாடியில் உப்பே கசிகிறது.
மாவு குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது.
இரண்டு கரண்டி தண்ணீரைக் குறைத்தேன்,
இருந்ததிலும் பாதி ஐஸ்.

பதினொன்றுக்கு நேரத்தை வைத்துவிட்டுக் கிளம்புவேன்.
இரண்டு மணிக்கு
நான் தண்டவாளத்தில் குனிந்திருக்கையில்
அங்கே அது பிசையத் தொடங்கும்.
சத்தத்தில் தூங்க முடியவில்லை என்றார்,
ஃபிரிட்ஜ் கதவில் எழுதி.
அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன்.
பதில் எழுதவில்லை.
மார்ச் மாதம் தம்பிக்கு அவர் கொடுத்த
ஆறாயிரம் வெள்ளியைப் பற்றி
நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

நாலாவது ரொட்டி எழுந்து நின்றது.
மின்தூக்கி திறந்ததுமே வாசனை,
எதிர்வீட்டு மேடம் குவெக்கின்
ஊதுபத்தியையும் தள்ளிக்கொண்டு.
கவிழ்த்துத் தட்டினேன். ரொட்டி வந்தது,
இறகை விழுங்கிக்கொண்டு.
மரக்குச்சியால் நெம்பியெடுத்த இடத்தில்
நடுத்துண்டுக்கு ஓர் ஓட்டை.

அந்த முனையிலிருந்து அவர் வெட்டினார்,
இந்த முனையிலிருந்து நான்.
ஒவ்வொரு ரொட்டியிலும் ஓட்டைத் துண்டு மட்டும்
டப்பாவில் கிடந்து பூசணம் பூக்கும்.
ஒருவருக்கொருவர் விட்டுவைத்தோம் என்று
நினைத்துவிட வேண்டாம்.
வெண்ணெய் தடவினால் ஒழுகும்.

போன வியாழன் ஒன்றே காலுக்கு இடி எச்சரிக்கை.
கிராஞ்சி மேம்பாதையில் யாரையும் இறக்கவில்லை.
வேன் என்னை வீட்டடியில் விட்டது.
இரண்டு பத்துக்குக் கதவைத் திறந்தேன்.
சமையலறையில் விளக்கு.
கைலியும் பனியனுமாக
இயந்திரத்தை இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டு நின்றார்,
அடம்பிடிக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல.
"துண்டு வெச்ச நாள்லேருந்து நகருது" என்றார்.
"ரெண்டு தடவை விளிம்பு வரைக்கும் போயிடுச்சு."

தினமுமா என்று கேட்கவில்லை.
பையை இறக்கிவைத்து
அதன் விலாவில் காதை வைத்தேன்.
தளர்ந்ததற்கு ஒரு குரல்.
"பெல்ட் போயிருக்கு."
மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.
மழை ஜன்னலை அடித்தது.
கைவழியே ஏறி
இருவர் பற்களும் ஒரே தாளத்தில் அதிர்ந்தன.

பிறகு அது நின்றது. மாவு உறங்கப் போனது.
மூடியை நாங்கள் திறக்கவில்லை,
ஆறாயிரத்தின் மூடியையும்.
அவர் டப்பாவிலிருந்து
ஓட்டைத் துண்டை எடுத்து
நின்றபடியே தின்றார்.
உதறிய பொடி என் பூட்ஸ்மேல் விழுந்தது.

"பெல்ட் என்ன விலை?" என்றார்.