நாற்பத்தேழு நிமிடம்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி.
ஏர்கான் பல்லைக் கிட்டவைக்கும் அறையில்
இரவு எனக்கும் ஹஃபிசுக்கும்.
கண்ணாடிக்கு அப்பால் விமானம் ஒன்று இறங்குகிறது.
இங்கே கோப்புகள் சேர்கின்றன.

பத்துச் சின்னக் கோப்புகளைத் தின்று
ஒரு பெரிய கோப்பு பிறக்கும்.
தின்னப்பட்ட பத்தும்
அதே இடத்தில் கிடக்கும்,
கல்யாண மண்டபத்தில்
பந்தி முடிந்த இலைகளாய்.
இலையெடுக்கிறவன் வருவான்.
யார் கண்ணிலும் படாமல், சத்தமில்லாமல் வருவான்.
அவனிடம் யாரோ, எப்போதோ,
எந்த ஊரிலோ உட்கார்ந்து
பத்து நிமிடம் என்று சொல்லிவைத்திருந்தார்.
பத்து நிமிடம் பொறு. பிறகு எடு.
சாப்பிடுகிறவர் கை இன்னும் இலையில் இருக்கிறதா
என்று பார்க்கச் சொல்லவில்லை.

பட்டர்வொர்த் கிடங்கில்
ரொஹாயாத்தி என்றொரு கணக்காளர்.
மாதக் கடைசி இரவில் ஒரு பட்டியல் கேட்பார்:
பன்னிரண்டு மாதம், எல்லாக் கிளையும், எல்லாப் பெட்டியும்.
மழையில் பாலம் ஏறும் லாரியைப் போல
அது மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டு போகும்.
பாதி வழியில் இலை போய்விடும்.
'கோப்பு இல்லை' என்று சிவப்பில் ஒரு வரி.
மறுபடி அழுத்துவார்.
மறுபடி.
மூன்று மாதம் இப்படி.
நாலாவது மாதம்தான் போன் செய்தார்,
அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு:
'நான்தான் எதையோ தப்பாக அழுத்துகிறேன் போல.'

புதிய பதிப்பு வந்தபோது
பத்து கல்லிலிருந்து இறங்கியிருந்தது.
இனி அது அமைப்பில் ஒரு வரி,
மாற்றிக்கொள்ளலாம்.
கையேடு சொன்னது:
உங்கள் சூழலுக்குத் தகுந்த மதிப்பை இடுக.
தகுந்த மதிப்பாம்!

இருபது போதும் என்றான் ஹஃபிஸ்.
ஒரு நாள் என்றேன் நான், சோம்பலில்.
சைபர்ஜெயாவிலிருந்து சாரங்கன் கத்தினான்:
'ஒரு நாளா? டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றால்
விடிகாலையில் நீதான் வந்து வழித்தெடுக்கணும்.'
மூன்று ஊரில் மூன்று பிரதி.
அவற்றில் ஜொகூர் எப்போதும் பிந்தித்தான் வரும்,
கடைசிப் பந்திக்கு ஓடிவரும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.
அதற்கும் இலை இருக்க வேண்டும்.

அந்த மாதக் கடைசியில்
இலையெடுக்கிறவனை நிறுத்திவைத்துவிட்டு
கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.
ரொஹாயாத்தியின் பட்டியல் முடிய
முப்பத்தொன்பது நிமிடம்.
ஜொகூரின் தாமதம் ஆறு.
என் பயத்துக்கு இரண்டு.

எண்ணுக்குப் பக்கத்தில்
காரணம் எழுத ஓர் இடம் உண்டு.
'நீண்ட வாசிப்புகளுக்காக' என்று எழுதி
அழித்தேன்.
ரொஹாயாத்தி என்று எழுதினேன்.
ஹஃபிஸ் எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

இது நடந்து இரண்டு வருடம்.
அவர் வேலையை விட்டு கூலிமுக்குப் போய்விட்டாராம்.
ஹஃபிசும் சிங்கப்பூரில்.
நேற்றிரவு சியூ லிங் கேட்டாள்,
வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாள்:
'யார் இந்த ரொஹாயாத்தி?
இந்த நாற்பத்தேழைக் குறைத்தால் என்ன?
டிஸ்க் தொண்ணூறைத் தொட்டுவிட்டது.'

நியாயம்தான்.
வேண்டாம் என்று சொல்ல
என்னிடம் ஒன்றுமில்லை.
அந்த வரியைத் திறந்தேன்,
ஏழை அழித்தேன், நாலை அழித்தேன்,
கர்சர் வெறும் இடத்தில் துடித்தது.

அடுத்த திரையில்
தைப்பிங் கிளையிலிருந்து ஒரு வாசிப்பு.
யாரென்று தெரியாது, இணைப்பு எண் மட்டும்.
இந்த நேரத்தில் அப்படி என்ன தேடுகிறார்களோ,
பழைய கோப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு
முப்பத்திரண்டாவது நிமிடம்.

சேமிக்காமல் மூடினேன்.
'நாளைக்குப் பார்க்கலாம்' என்றேன்.
சியூ லிங் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
தேத்தண்ணி வாங்கக் கீழே போனாள்.

டிஸ்க்: தொண்ணூற்றொன்று.